ஆல்பர்ட்டின் ஈரக் கடலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் சிறுதொழில்காரர்களுக்கு நடந்த கூட்டத்தில்தான் இந்தக் கதை கிடைத்தது. மூலப்பொருளை எப்படி வாங்குகிறோமோ அப்படித்தான் கம்பெனி ஓடும் என்று மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் ஒருவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. நான் மேடையைப் பார்க்கவே இல்லை.

வயிறு எரிந்தவருக்கு ஆல்பர்ட் என்றும் பேசியவருக்குப் பார்த்திபன் என்றும் பெயர் வைத்தேன். இருவருக்கும் கடலை மிட்டாய் கம்பெனி, ஒரே தெரு. (தெரு என் சேர்க்கை. தூரத்தில் இருப்பவன்மேல் யாருக்குப் பொறாமை வருகிறது?)

2

"பார்த்திபன் எடையில் ஏமாற்றுகிறவன், ஒருநாள்..."

என்று எழுதத் தொடங்கி விட்டுவிட்டேன். அது ஆல்பர்ட்டுக்கு ஆறுதலாகிவிடும். பார்த்திபன் நல்லவன். ஆல்பர்ட்டால் பொறுக்க முடியாதது அதுதான்.

விதைப்புக்கு முன்பே பக்கத்துக் கிராமங்களான வல்லத்திலும் தொண்டூரிலும் விவசாயிகளிடம் பேசிவைத்து, கடலை காய்ந்த பிறகே எடுப்பான் பார்த்திபன். ஆல்பர்ட் அன்றன்றைக்கு எங்கே மலிவோ அங்கே வாங்குவான். மழை பிடித்தால் கடலை கிடைக்காமல் இவன் அடுப்பு அணைந்துவிடும். எதிரே பாகு காயும் வாசனை வரும். அன்றைக்கு ஆல்பர்ட்டுக்குச் சோறு இறங்காது.

3

இந்த வருஷம் ஆல்பர்ட் முந்திக்கொண்டான். செடி பிடுங்கிய அன்றே லாரியோடு வல்லத்தில் போய் நின்றான்.

"இன்னும் வெயில்லயே போடல தம்பி. காஞ்சதும் வா" என்றார் விவசாயி தனகோட்டி.

"அதுக்குள்ள அவன் வந்துடுவான். நீங்க ஏத்துங்க."

[ஆல்பர்ட் நிறைந்த குடோனைப் பார்த்துச் சிரிக்கும் பத்தி இங்கே இருந்தது. அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு ஆகாது என்று எடுத்துவிட்டேன்.]

ஈரக் கடலை மூட்டைக்குள்ளேயே புழுங்கிப் பூசணம் பிடித்தது. ஆர்டர் கொடுத்திருந்த சென்னைக் கடைக்குத் தீபாவளிச் சரக்கு போகாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

4

விஷயம் தெரிந்து பார்த்திபன் போன் செய்தான். ஆல்பர்ட்டின் மனைவி எஸ்தர் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, தொண்டூர் கடலை எங்கிட்ட மிச்சம் இருக்குது. அண்ணன எடுத்துக்கச் சொல்லுங்க. அடுத்த போகத்துல திருப்பிக் குடுத்தா போதும்."

"இன்னாங்க, எதுனா சொல்லுங்க" என்றாள் எஸ்தர்.

"அவன் கடலையில போட்டா அது யாரு மிட்டாய்?" என்று முணுமுணுத்தான் ஆல்பர்ட்.

"கம்பெனி ஓடுமே. அது போதாதா?"

5

வாங்கிக்கொண்டால் கம்பெனி பிழைக்கும். மறுத்தால் மூடும், பார்த்திபன் வருத்தப்படுவான், அதுவும் உண்மையாகவே. இரண்டிலும் ஜெயிப்பது அவன்தான். மூன்றாவதாக, பார்த்திபனின் குடோனில் மழையை ஒழுகவிட்டு எழுதிப் பார்த்தேன். எனக்கே இனித்தது. பயந்துபோய் அழித்துவிட்டேன்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்கிறான் பார்த்திபன். எஸ்தர் ஆல்பர்ட்டைப் பார்க்கிறாள். ஆல்பர்ட் என்னைப் பார்க்கிறான். நான் உங்களைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். உங்கள் தெருவிலும் ஒரு பார்த்திபன் இருப்பான்; பதிலை நீங்களே சொல்லுங்கள்.