ராஜாவுக்கு ஒரு சாக்கு

நாடக அரங்கின் மேடைக்கு நேர் கீழே ஓர் அறை இருந்தது. நிமிர்ந்து நின்றால் உச்சந்தலை விட்டத்தில் இடிக்கும். ராஜாக்களின் மேலங்கி, திருடர்களின் முகமூடி, பேய்களின் வெள்ளை உடை எல்லாம் அங்கே சண்டை சச்சரவில்லாமல் ஒரே கம்பியில் தொங்கும். அது தையலக்காவின் ராஜ்யம். வாய் நிறையக் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வம்பளக்கக் கூடியவள் அவள். மேலே யாராவது வசனத்தில் தடுக்கினால், நின்றுபோன காலடிச் சத்தத்தை வைத்தே, "போச்சுடா" என்று ஊசியைக் கோப்பாள்.

மேலே அதிகம் தடுக்குகிறவர் கர்ஜனை. குழுவின் முதல் நடிகர். தண்ணீர் கேட்டாலும் போருக்கு அழைப்பது போலக் கேட்பார், அதனால் அந்தப் பெயர். நல்ல உயரம், நல்ல குரல், ஞாபகம் மட்டும் ஓட்டைச் சட்டி. ஆனால் 'மறந்துவிட்டேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"காலர் கழுத்தைப் பிடிக்குது. வசனம் தொண்டையிலேயே நின்னுடுச்சு" என்பார். அல்லது, "இந்தக் கை ரொம்ப இறுக்கம். கையை வீச முடியலேன்னா வார்த்தை எங்கேருந்து வரும்?" என்பார். எப்படிச் சுற்றினாலும் பழி வந்து விழுவது ஊசியின் தலையில்தான்.

அந்த முறை போட்ட புதிய நாடகத்தில், நாட்டை இழந்த ராஜா கடைசி அங்கத்தில் சாக்கை உடுத்திக்கொண்டு மகளைத் தேடி வருவார். நடிகர் உடம்பு நோகக் கூடாதே என்று தையலக்கா சாக்கை வெந்நீரில் போட்டு அலசி, உள்ளே பழைய பருத்திப் புடவையை வைத்துத் தைத்திருந்தாள். ஒத்திகையில் கர்ஜனை மேடை நடுவில் தூண் மாதிரி நின்று நாலு வரி முழங்கினார். ஐந்தாவது வரி வரவில்லை.

"எல்லாம் இந்தச் சாக்காலதான்" என்றார். "உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி நிக்கிறேன். ஒரு சாக்கைக்கூட ஒழுங்கா தைக்கத் தெரியாதா அந்தம்மாவுக்கு?"

குழுவே சிரித்தது. மேடையோரம் நின்றிருந்த தையலக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பொட்டலத்தில் குத்தினாள்.

"வேற தைச்சுத் தர்றேன் சார்" என்றாள். குரலில் தேன் ஒழுகியது. அவளை நன்றாக அறிந்த டைரக்டர், அந்தத் தேனைக் கேட்டதுமே தன் நாற்காலியை நாலடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

நேரே கொழுந்தன் கடைக்குப் போனாள். பழைய சாக்குகளை வாங்கி, உதறி, ஓட்டை அடைத்து விற்பவன் அவள் கொழுந்தன். கடைக்குள் போகிறவர்கள் தும்மாமல் வெளியே வந்ததில்லை.

"என்ன அண்ணி, மூஞ்சி கடுகடுன்னு இருக்கு?"

"அந்த மனுஷனுக்கு மறதி. அதுக்குச் சாக்கு நானு. தினம் தினம் சாக்கு. இவ்வளவு ஆசையா கேக்குறாரே, நிஜச் சாக்கே குடுத்துடலாம்னு வந்தேன்."

கொழுந்தன் முகம் மலர்ந்தது. சாக்கைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை எடுத்தால் போதும், அவன் ஒன்பது வார்த்தை எடுப்பான்.

"சாக்குன்னா லேசா நெனைக்காதீங்க அண்ணி. பச்சையா நின்ன செடியைத் தண்ணியில ஊறப்போட்டு, அழுகவிட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு நார் உரிக்கிறாங்க. அவ்வளவு பாடுபட்டு வந்தாலும் நிம்மதி உண்டா? மொதல்ல அரிசி. அப்புறம் வெங்காயம். அப்புறம் கரி. கிழிஞ்சா வாசல்ல மிதியடி. நல்லா இருக்கற துண்டை சோபா அடியில வெச்சு மேல வெல்வெட்டைப் போர்த்திடுவான். பெரிய மனுஷங்க எல்லாம் உக்காந்திருக்கறது என் சாக்கு மேலதான்!"

"சரிப்பா, எனக்கு..."

"இருங்க அண்ணி. சண்டை வந்தப்போ மண்ணை ரொப்பி அடுக்கினாங்க, குண்டு வந்து இதுலதான் சொருகி நின்னுது. அதுக்கும் முன்னாடி, ரொம்பப் பழைய காலத்துல, பாவம் பண்ணவங்க இது மாதிரி முரட்டுத் துணியைக் கட்டிக்கிட்டு சாம்பல்ல உக்காருவாங்களாம். ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"அரிக்கும்!"

"அப்பாடா, விஷயத்துக்கு வந்தே" என்றாள் தையலக்கா. "இருக்கறதுலயே ரொம்ப அரிக்கிறது எது?"

கொழுந்தன் ஒரு கணம் அண்ணியைப் பார்த்தான். பிறகு கைக்குத் துணி சுற்றிக்கொண்டு உள்ளே போய், தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி சிலும்பி நின்ற ஒரு சாக்கை இரண்டு விரலால் தூக்கி வந்தான். "குதிரை லாயத்துக்கு வைக்கோல் தூள் போன சாக்கு. உடம்புல பட்டா அரிக்கிற சுணை அப்படியே இருக்கு. நானே இதைத் தொட மாட்டேன்."

"அவருக்குச் சூடும் இல்ல, சொரணையும் இல்ல. சுணையாவது வரட்டும்."

முதல் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. கடைசி அங்கத்தில் கர்ஜனை புதுச் சாக்கோடு உள்ளே வந்தார். தையலக்கா திரை மறைவில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

முதல் இரண்டு வரி வழக்கம்போல் முழங்கினார். மூன்றாவது வரியில் தோள் ஒரு பக்கம் கோணியது. பிறகு முதுகு நெளிந்தது. எப்போதும் நடுமேடையை விட்டு அசையாதவர், மெல்ல நகர்ந்து அரண்மனைத் தூணில் முதுகைச் சாய்த்தார். சாய்த்து மேலும் கீழும் தேய்த்தார். சபையில் சொறிய முடியாத வேதனையில் அவர் குரல் இறங்கி இறங்கி முணுமுணுப்பானது. கண்ணில் நீர் கோத்தது. "மகளே, என்னால் தாங்க முடியவில்லை" என்று அவர் சொன்னபோது, அதைவிட உண்மையான வசனம் அந்த மேடையில் அதுவரை ஒலித்திருக்காது.

தையலக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆனால் பக்கத்தில் ஏதோ விசும்பும் சத்தம். பார்த்தால் டைரக்டர். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். முன் வரிசையே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. திரை விழுந்ததும் சனம் எழுந்து நின்று கைதட்டியது. கர்ஜனை வணங்கக்கூட நிற்காமல் குழாயடிக்கு ஓடினார். அதையும், 'புகழுக்கு மயங்காத கலைஞன்' என்று மெச்சிக்கொண்டார்கள்.

மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் எழுதியிருந்தார்: 'ராஜாவின் ஒவ்வொரு தசையிலும் துயரம் ஊர்ந்தது.'

"ஊர்ந்தது துயரமில்ல" என்று தையலக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். அவள் பிடித்த குரங்கு பிள்ளையாராகி உட்கார்ந்திருந்தது. எரிச்சல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மனிதரின் முதுகு தக்காளி மாதிரி சிவந்திருந்தது என்று ஒப்பனைக்காரி சொன்னதைக் கேட்டு மனசு கேட்கவில்லை. சாக்கைத் துவைத்து, சுணையை உதறி, மெத்தென்று துணி கொடுத்துத் தைத்துவைத்தாள்.

அன்றைய காட்சியில் கர்ஜனை சுகமாக நடுமேடையில் நின்று கர்ஜித்தார். சனம் இருமியது. ஒருவர் கொட்டாவி விட்டது மேடை வரைக்கும் கேட்டது.

காட்சி முடிந்த கையோடு கர்ஜனை குனிந்து குனிந்து தையல் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். முதன்முறையாகச் சின்னக் குரலில் பேசினார்.

"அந்தப் பழைய சாக்கு எங்கம்மா?"

"எந்தச் சாக்கு சார்?"

"நடிக்காதே. முதுகு என்னோடது, எனக்குத் தெரியாதா? நேத்து நீ ஏதோ பண்ணியிருக்கே."

"புகார் குடுக்கப் போறீங்களா?"

"புகாரா?" அவர் அவள் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். "இன்னொண்ணு தைச்சுக் குடு. அதே மாதிரி. முடிஞ்சா இடது தோள்ல இன்னும் கொஞ்சம் தூக்கலா."

தையலக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "தைக்கலாம். ஆனா வசனம் மறந்தா, மறந்துடுச்சுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். காலரு, கை, பொத்தான்னு ஒரு வார்த்தை வந்துச்சு, சாக்குல பட்டு லைனிங் வெச்சிடுவேன்."

"ஐயோ, பட்டு வேண்டாம்!" என்று பதறினார் கர்ஜனை.

கொழுந்தன் கடையிலிருந்து புதுச் சாக்கு வந்தது. அடுத்த ஒத்திகையில் வரி தடுக்கியபோது, கர்ஜனை காலருக்குக் கையைக் கொண்டுபோனார். தையலக்கா ஒரு முழம் பட்டுத் துணியை எடுத்து உதறினாள். "மறந்துடுச்சு" என்றார் அவர். டைரக்டர் காதைத் தேய்த்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

நாடகம் ஓகோவென்று ஓடியது. ஒரு நாள், மகளாக நடிக்கும் பெண் கையை மடித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். முழங்கை வரை தடிப்பு.

"அக்கா, கட்டிப்பிடிக்கிற சீன்ல எனக்கும் சேர்த்து அரிக்குது. எனக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

நியாயம்தான். தையலக்கா சாக்கை வெளிப்புறம் நன்றாகத் தட்டி, அந்தப் பெண்ணின் கை படும் இடமெல்லாம் சாக்கு நிறத்திலேயே மெல்லிய துணி ஒட்டுப் போட்டாள். உள்பக்கத்துச் சுணை ராஜாவுக்கு மட்டும் என்று ஆனது. அந்தப் பெண் அன்று சுகமாக அப்பாவைக் கட்டிக்கொண்டு, அரிப்பில்லாமலே கண்ணீர் விட்டாள். முன் வரிசை கைக்குட்டையைத் தேடியது.

காட்சி முடிந்து கர்ஜனை திரை மறைவுக்கு வந்தார். முகம் யோசனையாக இருந்தது.

"அந்தப் பொண்ணுக்குத்தான் அரிப்பை எடுத்துட்டியே. அப்புறம் எப்படி அழுகை வருது?"

தையலக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுக்கு நடிப்புன்னு பேரு சார்."

கர்ஜனை ஒரு நிமிஷம் அவளை முறைத்தார். முறைப்பு நிலைக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு மேடைப் பலகையெல்லாம் அதிரும்படி வெடித்தது. திரைக்கு அப்பால், வீட்டுக்குக் கிளம்பிய சனம் ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு அவர் அவள் பக்கமாக முதுகைத் திருப்பினார்.

"சரி தாயே, அதை அப்புறம் கத்துக்கறேன். இப்ப அந்த அடிக்கோலை எடு. நடு முதுகு, எனக்கு எட்டல."