மூடிப் பலகை

காஞ்சிபுரம் கண்ட நேர்மையாளர்களில் கிறிஸ்டோபருக்கு நிகர் ஒருவருமில்லை என்று போதகர் காலையிலேயே அறிவித்துவிட்டார். தெருமுனை பேனரில் 'நேர்மையின் இமயம் சாய்ந்தது' என்றிருந்தது. இமயம் கிடத்தப்பட்டிருந்த கண்ணாடிப் பெட்டி, கரண்ட் போய்ப் போய் வந்ததில் வியர்த்துக்கொண்டிருந்தது.

மகள் எஸ்தர் அப்போது ஏனாத்தூர் ரோட்டு மரமில்லில் நின்றிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அப்பா பரணில் வைத்திருந்த பத்தடி தேக்குப் பலகை அவள் முன்னால் கிடந்தது. பெட்டி ரெடிமேடாக வாங்கியாயிற்று. மூடி மட்டும் இதில்தான் என்பது அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசிய வாக்கியம்.

"நாலு மணிக்கு எடுக்கணும் பாண்டியா. சீக்கிரம் அறுப்பா."

"இருங்கக்கா. பழைய மரம். உள்ள ஆணி கீணி இருந்தா பிளேடு தெறிச்சிடும். போன வருசம் நம்ம மில்லுப் பையன் பழனிக்கு ரெண்டு விரல் போச்சு."

மில்காரன் பாண்டியன் காந்தத்தைப் பலகைமேல் இழுத்துக்கொண்டு போனான். எங்கும் ஒட்டவில்லை. பிறகு, மண்டப வாசல்களில் ஆட்களைத் தடவுவார்களே, அந்த டிடெக்டரை எடுத்தான். நடுப்பலகையில் அது கத்தியது.

"காந்தம் இழுக்கல, இது கத்துது. பித்தளையா இருக்கும். உங்கப்பா எதுனா ஒளிச்சு வெச்சாராக்கா?"

"அவரா? சர்ச்சு மெழுகுவத்தியக்கூட எண்ணி வெச்சவருப்பா."

உளியால் சுரண்டினான். வார்னிஷ் போனது. பள்ளத்தை அடைத்திருந்த பட்டி உதிர்ந்தது. உள்ளங்கை அளவில் ஒரு தகடு. எஸ்தர் முந்தானையால் துடைத்துப் படித்தாள்.

'வீராசாமி நினைவாக மனைவி பொன்னியம்மாள் சபைக்கு அளித்த பெஞ்சு.'

அந்த பெஞ்சைக் கரையான் அரித்துவிட்டதால் எரித்தாயிற்று என்று சபைச் செயலாளர் என்ற முறையில் சொன்னவர் அப்பாதான். எரிந்த பெஞ்சுக்காக ஒரு நிமிடம் ஜெபமும் நடத்தினார். பொன்னியம்மாள் இப்போது அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள்.

"வேற பலக இருக்குதாப்பா?"

"பிளைவுட்டுதான் இருக்குது. பேனர்ல இமயம்னு போட்டுக்கினு பிளைவுட்டு மூடி போட்டா நல்லாவாக்கா இருக்கும்?"

எஸ்தர் மணியைப் பார்த்தாள். "தகட்டக் கழட்டிட்டு அறு."

"ஆறடிக்கு வெட்டி, அகலம் பத்தறதுக்குக் கனத்துல ரெண்டாப் பொளந்து ஒட்டிடலாம். ஆனா தகடு இருந்த பள்ளம் தெரியும்."

"உள்பக்கம் திருப்பிடு."

மண் போடுவதற்குள் பொன்னியம்மாளிடம் சொல்லிவிட வேண்டும். திரும்பும் வழியெல்லாம் ஆட்டோவில் அதற்கான வாக்கியத்தை மூன்று விதமாக அமைத்துப் பார்த்தாள். மூன்றிலும் அப்பாவின் பெயர் வந்தது.

வீட்டில் பெட்டிமேல் மூடியை வைத்தார்கள். பள்ளம் சரியாக அப்பாவின் முகத்துக்கு நேரே அமைந்தது. போதகர் நேர்மையைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். அவர் முடித்ததும் பொன்னியம்மாள் கையூன்றி எழுந்துவந்து மூடியைத் தடவினாள்.

"இன்னாமா மரம். பளிங்காட்டம் இருக்குது."

"பெரியம்மா..."

"சொல்லும்மா."

எஸ்தர் மூடியின்மேல் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள்.

"மீதி பலக எதுனா இருக்குதா எஸ்தரு? எங்கூட்டுக்காரர் பெஞ்சுதான் இல்லன்னு ஆயிடுச்சு. உங்கப்பா பேர்லயாவது ஒண்ணு செஞ்சு சர்ச்சுல போட்டுடலாம்."

"மீதி இல்ல பெரியம்மா."

நாலடி மீதி இருந்தது.