நீண்டவாலனின் வயிறு

லாவிங்டனை ஊர் முன்னால் தலைகுனிய வைத்தது நான்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. நான்கு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து செய்தேன். வருத்தமாக இருக்கிறதா ப்ரீஷா என்று பாதிரியார் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

ஐம்பது வருடத்துக்கு முன்னால் என் அண்ணன் ஃபின்லோ கோர்கில் இந்த மேன் தீவின் மோட்டார் சைக்கிள் சாலைப் பந்தயத்தில் ஜெயித்தான். பெரிய கம்பெனிக்காரர்கள் லாரி லாரியாக ஆட்களோடு வந்து இறங்கியிருந்தார்கள். எங்களிடம் ராம்ஸியில் அப்பாவின் மீன்வலை ஷெட்டும், அதில் நாங்கள் இரண்டு பேரும் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து கட்டிய ஒற்றை சிலிண்டர் வண்டியும்தான் இருந்தன. எஞ்சினுக்குள் சுழலும் கேமை அவன் தன் கையாலேயே அரம் போட்டு ராவினான். அதனால் அந்த வண்டிக்கென்று ஒரு சத்தம் இருந்தது. மூன்று மைல் தள்ளி நிற்கிறவனும் கோர்கில் வருகிறான் என்று சொல்லிவிடுவான்.

அதன் புகைக்குழாய் பின்சக்கரத்தையும் தாண்டி நீண்டு கிடக்கும். அதனால் நீண்டவாலன் என்று பெயர் வைத்தோம். பூனை துரத்துமே, வளையில் இருக்குமே, அந்தப் பிராணிக்கு எங்கள் தீவில் அதுதான் பெயர். அதன் நிஜப் பெயரை நாங்கள் வாயில் எடுக்கமாட்டோம், எடுத்தால் ஆகாது. லாவிங்டன் வண்டியை வாங்கியதும் அந்த நிஜப் பெயரைத்தான் அதன் முன்னால் பித்தளைப் பலகையில் ஆள் உயரத்துக்குப் பொறித்து வைத்தான். அவனை அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அவன் வரி மிச்சம் பிடிக்க லண்டனிலிருந்து வந்து சல்பியில் பங்களா கட்டியவன். தோட்டத்தில் ஒரு கண்ணாடி மாளிகை, அதற்குள் நாற்பத்து மூன்று வண்டிகள். ஒன்றின் டயரிலும் மண் கிடையாது. ஃபின்லோ கீழே விழுந்து முதுகெலும்பு போய், வீட்டையே சக்கர நாற்காலிக்காக இடித்துக் கட்ட வேண்டி வந்தபோது இவன் வாசலில் வந்து நின்றான். வருடத்துக்கு ஒருமுறை பழைய பந்தய வண்டிகளின் ஆகஸ்ட் ஊர்வலத்தில் இதை ஓட்டுவேன், நீங்களே வந்து ஸ்டார்ட் பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று ஃபின்லோவின் கையைப் பிடித்துச் சொன்னான். ஃபின்லோ அதை நம்பி விற்றான். நானும் நம்பினேன், அந்த வயிற்றெரிச்சல் இன்னும் இருக்கிறது.

இரண்டு ஆகஸ்ட் போனது. வண்டி கண்ணாடியை விட்டு வெளியே வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் டாக்டர் ஃபின்லோவுக்கு நாள் குறித்துவிட்டார். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேறு ஏதாவது கேட்டிருந்தால் எங்கேயாவது போய் வாங்கி வந்திருப்பேன்.

"ஒரு தடவை அந்தச் சத்தத்தக் கேக்கணும், குட்டி. ஒரு நிமிஷம் போதும்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சல்பிக்குப் போனோம். லாவிங்டன் மரியாதையாகத்தான் வந்தான். காபி வேண்டுமா என்றான். ஃபின்லோ விஷயத்தைச் சொன்னான். அவன் கெஞ்சி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். லாவிங்டன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான்.

"மிஸ்டர் கோர்கில், ஸ்டார்ட் பண்ணினா தேயும், புகை படியும். இது இனிமே கேக்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு."

ஃபின்லோ கையை நீட்டி டாங்கைத் தொடப் போனான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொல்லி காவலாளி நாற்காலியைப் பின்னால் இழுத்தான். தான் அடித்த பெயிண்டைத் தொட அவனுக்கு அனுமதி இல்லை. பிப்ரவரியில் செத்துப்போனான். கிர்க் மைக்கேல் ஊர்க் கல்லறையில், பந்தயச் சாலையோரச் சுவரை ஒட்டின இடத்தில் புதைத்தோம். பந்தயத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று நான்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கினேன்.

அடுத்த மாதம் லாவிங்டனிடமே வேலை கேட்டுப் போனேன். வண்டிகளைத் துடைத்து மெழுகு போட விவரம் தெரிந்த ஆள் அவனுக்குத் தேவைப்பட்டது. எனக்கு வெட்கமாக இல்லையா என்று ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஃபின்லோவோடு சேர்ந்து பந்தயம் ஓட்டிய ஓரி கினிஷ் கடைத்தெருவில் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நானும் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அந்த வசந்தத்தில் ஒருநாள் லாவிங்டனிடம் கேட்டேன். ஓடாத எஞ்சின் உள்ளே துருப்பிடித்துப்போகும், நீண்டவாலனின் உள் சாமான்களைக் கழற்றி எடுத்துவிடவா, எடுத்ததை என்ன செய்ய என்றேன். இல்லை, வேண்டாம், நான் ஓட்டிக்கொள்கிறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறா? என்ன வேணா பண்ணுங்க, நீங்களே வச்சுக்குங்க. பெயிண்ட்ல மட்டும் கீறல் விழக்கூடாது."

இதையே வேலைச்சீட்டில் எழுதி நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டான்.

பிஸ்டன், கனெக்டிங் ராட், வால்வுகள், ஃபின்லோவின் கேம், எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரு கீறல் விழவில்லை. வெற்று வயிற்றை மூடி, மேலே மெழுகு போட்டுப் பளபளவென்று நிறுத்தினேன். அதற்குப் பிறகு நான்கு வருடம், வாராவாரம் விருந்தாளிகளைக் கூட்டி வந்து அந்த எஞ்சினைப் பற்றி வாய் கிழியப் பேசினான். ஒருநாளாவது கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கியரில் போட்டு ஓர் அடி தள்ளியிருந்தால் தெரிந்திருக்கும். வண்டி மேல் ஆசை உள்ளவன் எவனும் நான்கு வருடம் கை வைக்காமல் இருக்கமாட்டான்.

இந்த வருடம் ஃபின்லோ ஜெயித்து ஐம்பதாவது வருடம். ராம்ஸியிலிருந்து கிர்க் மைக்கேல் வரை போகும் ஊர்வலத்துக்கு நீண்டவாலனே முதலில் போகட்டும், உடையவரே ஓட்டட்டும் என்று கமிட்டிக்கு நான் எழுதிப்போட்டேன். டெலிவிஷன் வருகிறது என்றதும் லாவிங்டனுக்கு வண்டி தேய்வதெல்லாம் மறந்துபோனது. புதிய தோல் உடை தைக்கச் சொன்னான். பெட்ரோல், எண்ணெய் எல்லாம் ஊற்றினேன். வீட்டிலேயே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று கடைசியாகவும் சொன்னேன். உடையில் எண்ணெய் தெறிக்கும், வேண்டாம் என்றான். அதற்குமேல் நான் என்ன செய்ய?

சனிக்கிழமை காலை. ராம்ஸிச் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. கூட்டம் கப்சிப்பென்று இருந்தது, ஐம்பது வருடத்துக்கு முன்னால் கேட்ட சத்தத்துக்காகக் கிழவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். லாவிங்டன் கேமராவுக்குக் கையாட்டிவிட்டு உட்கார்ந்தான். இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். அவன் கிளட்சை விட்டான்.

உயிருள்ள எஞ்சின் என்றால் அந்த நொடியில் பின்சக்கரம் முரண்டு பிடிக்கும், வண்டி ஒரு உதறு உதறும். இது எதுவும் செய்யாமல் சைக்கிள் போல உருண்டு போனது. மறுபடி தள்ளினார்கள். மறுபடியும் உருண்டது. மூன்றாவது தடவை முதுகு வளைந்து தள்ளிய ஒருவன் மூச்சு வாங்கச் சிரித்துவிட்டான். தடுப்புக்கு மேலே சாய்ந்திருந்த ஓரி கினிஷ் நிதானமாகச் சொன்னார்.

"நிறுத்துங்கப்பா. அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல."

சிரிப்பு சதுக்கத்தைச் சுற்றி வந்தது. லாவிங்டன் வண்டியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது. என் வண்டியைத் திருடிவிட்டாள், போலீசைக் கூப்பிடுங்கள் என்று கத்தினான். நான்கு வருடம் பையிலேயே வைத்திருந்த சீட்டை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். கீழே இருந்த கையெழுத்தை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பக்கத்திலேயே நின்றிருந்த கான்ஸ்டபிளும் எட்டிப் பார்த்துவிட்டு, கீறல் ஏதாவது இருக்கிறதா சார் என்று விசாரித்தார். சந்தோஷமாக இருந்தது. ஃபின்லோ போன நாளிலிருந்து அவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

பிறகு சந்துக்குள் நிறுத்தியிருந்த என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். துருப்பிடித்த சட்டம், நசுங்கின டாங்க், ஷெட்டில் கிடந்த உதிரி சிலிண்டர், அதற்குள் நீண்டவாலனின் வயிற்றிலிருந்து எடுத்த ஃபின்லோவின் சாமான்கள். ஓரி தடுப்பைத் தாண்டி வந்து பின்னால் கை கொடுத்தார். பத்தடி ஓடுவதற்குள் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கிழவர்கள் அழுதார்கள். லாவிங்டனும் கேட்டான். அவன் வாங்கி வைத்திருந்தது எது, தொலைத்தது எது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, அவன் முகத்தில் பார்த்தேன். கிர்க் மைக்கேலில் அந்தச் சுவரோரம் நிறுத்தி, திராட்டிலை முறுக்கிக்கொண்டே ஒரு நிமிஷம் நின்றேன். ஃபின்லோ கேட்டது ஒரு நிமிஷம்தான்.

ஒரு வாரம் கழித்து சல்பியிலிருந்து ஆள் வந்தான். அந்தத் துருப்பிடித்த வண்டியை முதலாளி வாங்கிக்கொள்கிறாராம், என்ன விலை கேட்டாலும் சரியாம். அதற்கென்று மாளிகையின் நடுவில் இடம்கூட ஒழித்துவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க முதலாளிகிட்ட சொல்லுப்பா, இது பாக்கறதுக்கு இல்ல, கேக்கறதுக்கு. ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலத் தாண்டித்தான் கல்லறைக்குப் போவேன். கேட்டுக்கு உள்பக்கமே நின்னு கேக்கச் சொல்லு. கையை மட்டும் வெளிய நீட்ட வேணாம்."