ரெனிட்டா ஜாடியின் நிழல்

டிசம்பர் புயலில் அபிராமபுரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில் விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் நிழல், மறு வருடம் ஏப்ரல் மாதம் திரும்பி வந்தது. மரம் வரவில்லை, நிழல் மட்டும்தான் வந்தது. எண்ணெய்ப் பூச்சு காயட்டும் என்று அந்தத் தெருவின் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் குடியிருக்கும் ரெனிட்டா அதன் மதிற்சுவர்மேல் வைத்துவிட்டுப் போன மர ஜாடியைச் சுற்றி, அந்த மரம் எவ்வளவு அகலத்துக்குக் கிளை விரித்திருந்ததோ அவ்வளவு அகலத்துக்கு விழுந்தது. இலை அசைவதுகூடத் தரையில் தெரிந்தது. மரம் போனதிலிருந்து கிழிந்த குடையைக் கட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்த இஸ்திரி வண்டி பாஞ்சாலி அண்ணாந்து பார்த்தாள். மேலே வெறும் வானம். "இன்னாவோ ஒண்ணு, ஜில்லுனு கீது" என்று வண்டியை ஜாடிப் பக்கம் தள்ளினாள். அப்புறம் ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். தண்ணீர் கேன் போடும் நதீம் ஒரு கேனை இறக்கி அதன்மேலேயே உட்கார்ந்தான். சாயங்காலம் தூங்குமூஞ்சி இலைகள் மூடிக்கொள்ளும் நேரத்தில் நிழலும் சன்னமாகிப் போய்விட்டது, மறுநாள் காலை விரிந்தது. யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. சென்னை வெயிலில் நிழல் கிடைத்தால் அது எங்கிருந்து வருகிறது என்று விசாரிப்பதற்கு யாருக்கும் தெம்பு இருப்பதில்லை.

விசாரித்தது கோமளம் ஒருத்திதான். அவளுக்கு அதற்கு உரிமை இருந்தது. அந்தக் கட்டடத்தில் மரத்தைக் கடைந்து ஜாடி செய்கிறவள் என்றால் அது கோமளம்தான், ரெனிட்டா நேற்று வந்தவள். ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, மற்றவர்கள் கார் நிறுத்துகிற இடத்தில் கோமளம் ஒரு கடைசல் மெஷினை நிறுத்தினாள். முதலில் சிரித்தவர்களே பிறகு விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். மயிலாப்பூரில் பழைய வீடு இடிபடுகிறது என்று கேள்விப்பட்டால் போதும், ஆட்டோ பிடித்துப் போய்த் தூணையும் உத்திரத்தையும் அள்ளிக்கொண்டு வருவாள். அவள் ஜாடிகளின் வாய் விரல் நுழைகிற அளவுதான் இருக்கும். அந்த வாய் வழியாக வளைந்த உளியை விட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாமல், சத்தத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வயிற்றைக் குடைந்தெடுப்பாள். ஜாடியின் சுவர் அப்பளம் மாதிரி மெல்லிசாக இருக்கும். தி.நகரில் ஒரு கண்காட்சியில் அவற்றைப் பார்த்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அப்படிப் பேசப்படுவது கோமளத்துக்குப் பிடித்திருந்தது.

தூங்குமூஞ்சி மரம் விழுந்தபோது மாநகராட்சி ஆட்கள் அறுத்துப்போட்ட துண்டுகளில் நல்லதையெல்லாம் முதலில் பொறுக்கியவளும் அவள்தான். முறைப்படி இரண்டு முனையிலும் மெழுகு தடவி, ஒரு வருடம் காயட்டும் என்று மாடிப்படிக்குக் கீழே அடுக்கினாள். அவள் காலால் ஒதுக்கித் தள்ளிய துண்டை இரண்டு மாடி மேலே இருக்கிற ரெனிட்டா, சாந்தோமில் கணக்கு டீச்சர், எடுத்துக்கொண்டு போனாள். புதிதாக வாங்கிய குட்டி மெஷினைப் பால்கனியில் வைத்து, செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டே, மூஞ்சியில் தண்ணீர் தெறிக்கத் தெறிக்க அந்த ஈர மரத்தைக் கடைந்தாள். ஜாடி தடித்துப் போய், வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, மூன்றாம் பந்தியிலும் உட்கார்ந்து எழுந்தவரைப் போல இருந்தது. நிழல் வந்து விழுந்தது அதன்மேல்.

கோமளத்துக்குப் பொறாமை பற்றிக்கொண்டது. சாதாரணப் பொறாமை இல்லை, சாதம் இறங்காத பொறாமை. நிழலைக்கூட மன்னித்திருப்பாள். அவள் கணவர் அம்பி காலையில் பேப்பரையும் மடக்கு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு அந்த நிழலில் போய் உட்கார்ந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"ஏன்னா, நம்மாத்துல ஃபேன் இல்லையா?"

"ஃபேன் இருக்குடி, இந்தக் காத்து இல்லையே."

அன்று அவருக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை. கோமளம் தன் துண்டுகளின் மெழுகைச் சுரண்டி எடுத்துப் பாதி ஈரத்திலேயே கடைந்தாள். ஒன்றைத் தடிமனாக விட்டாள். ஒன்றின் வாயை வேண்டுமென்றே கோணலாக வெட்டினாள், அதற்குக் கை ஒத்துக்கொள்ளாமல் அழுகை வந்தது. ரெனிட்டாவிடம் அசட்டுச் சிரிப்போடு எண்ணெய்ப் புட்டியைக்கூடக் கடன் வாங்கிப் பூசினாள். மதிற்சுவர்மேல் வரிசையாக வைத்தபோது ஒவ்வொரு ஜாடிக்கும் ஜாடி அளவு நிழல்தான் விழுந்தது.

அக்னி நட்சத்திரம் பிறந்ததும் ரெனிட்டாவின் ஜாடியில் வெடிப்பு விட்டது. ஈர மரம் காய்ந்தால் அப்படித்தான். நிழலுக்கு நடுவே நூல் மாதிரி ஒரு வெயில் கோடு தெருவின் குறுக்கே விழுந்தது. மறுவாரம் அது ரிப்பன் அகலமாகி, பாஞ்சாலியின் முன்னங்கையில் தழும்பு போட்டது. ஜாடி இரண்டாகப் பிளந்தால் நிழல் போய்விடும் என்று தெருவுக்கே புரிந்துவிட்டது. ரெனிட்டா ஜாடியைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கோமளத்தின் வாசலில் வந்து நின்றாள், அவள் பின்னால் பாதித் தெருவும் நின்றது.

"ஆன்ட்டி, சுவரைத் தடிமனா விட்டுட்டேன். உள்ளே இன்னும் கொஞ்சம் குடைஞ்சு மெல்லிசாக்கினா வெடிப்பு நின்னுடுமாம். உங்களைத் தவிர யாராலயும் முடியாது."

கேட்க வேண்டும் என்று கோமளம் ஏங்கிக்கொண்டிருந்த வார்த்தைதான் அது. கேட்டபோது எரிச்சல்தான் கூடியது. "வெச்சுட்டுப் போ, பாக்கறேன்" என்றாள்.

ரெனிட்டா சர்ச்சுக்குப் பூசைக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை கோமளம் ஜாடியை மெஷினில் பூட்டினாள். அது சுற்ற ஆரம்பித்ததும் நிழலும் சுற்றியது, கார் நிறுத்துமிடத்தின் தூண்கள்மேல் இலைகள் வட்டமாக ஓடின. உளியை உள்ளே விட்டாள். சீவல் சுருள் சுருளாக வெளியே வந்து விழுந்தது, ஒவ்வொரு சுருளுக்கும் துளியூண்டு நிழல் இருந்தது. தடிச்சுவர் மந்தமாக முனகியது, மெலிய மெலியக் குரல் ஏறியது. பக்கச் சுவர் அவள் வாழ்நாளிலேயே செய்யாத அளவுக்கு அழகாக வந்தது. வெடிப்பு அடங்கிவிட்டது. அடிப்பாகம் மட்டும் பாக்கி. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் காதுக்குத் தெரியும். அடியைத் துளைப்பது மெஷின் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்கிற தவறு, அவள் செய்ததே இல்லை. ஜாடியைக் கெடுத்தால் தன் பெயரும் சேர்ந்து கெடும் என்பதையும் யோசித்தாள். யோசித்துவிட்டு, இருந்தாலும் பரவாயில்லை என்று, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் உளியை இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினாள்.

உளி அடி வழியாக வெளியே வந்தது. கூடவே நிழலும் வந்து, நனைத்துப் பிழிந்த துண்டைப் போர்த்தியதுபோல அவள் தலையிலும் தோளிலும் விழுந்தது.

தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்தாள், புடவை மாற்றினாள். நிழல் போகவில்லை. அவள் பால்கனியில் நின்றால் எதிர்வீட்டுத் துணி காயவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் அம்பி பட்டப்பகலில் டியூப்லைட் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். கபாலி கோயிலுக்குப் போனபோது, உச்சி வெயிலில் பிரகாரத்துக் கல்லில் பாதம் பொசுங்க ஓடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவளோடு ஒட்டிக்கொண்டு நிதானமாகப் பிரதட்சிணம் வந்தார்கள்.

"கோமளம் மாமிக்கே கை தவறிடுச்சாம்" என்று தெரு பேசியது. கை தவறவில்லை என்று சொல்லவும் வழியில்லை, தவறியது என்று ஒப்புக்கொள்ளவும் மனமில்லை. ரெனிட்டாவாவது கோபித்துக்கொண்டிருக்கலாம். அவள் ஓட்டை ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்து, "பல்பு மாட்டினா சூப்பரா இருக்கும் ஆன்ட்டி, நீங்க ஒண்ணும் ஃபீல் பண்ணாதீங்க" என்றாள். சுவர் அவ்வளவு மெல்லிசாக இருந்ததால் வெளிச்சம் மரத்தைத் தாண்டித் தேன் நிறத்தில் வந்தது. பார்த்தவர்கள் ரெனிட்டாவின் கைவேலையைப் பாராட்டினார்கள்.

அந்த வாரமே பாஞ்சாலி படியேறி வந்தாள். "இன்னா மாமி, நீ மேல ஜில்லுனு குந்திக்கினு கீற, நான் கீய வெந்துக்கினு கீறேன். எறங்கி வா."

கோமளம் இறங்கினாள். அதற்கப்புறம் வந்த கோடைகளிலும் இறங்கினாள். குடியிருப்போர் சங்கம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிக்கொடுத்தது. மாநகராட்சி பழைய மரம் இருந்த இடத்தில் புங்கங்கன்று நட்டது, அவள் நிழலில் வெயில் படாமல் அது சவலையாகவே நின்றது. காலை டிபன் ஆனதும் வந்து உட்கார்வாள், இலை மூடியதும் எழுந்து போவாள், நடுவில் மெஷின் பக்கம் போக நேரம் கிடைக்கவில்லை. ரெனிட்டா கல்யாணம் செய்துகொண்டு கொட்டிவாக்கத்துக்குக் குடிபோனாள். இனிமேலாவது அந்தப் பெயர் காதில் விழாது என்று கோமளம் நினைத்தாள்.

இந்த மே மாதம், சாப்பாட்டு டெலிவரி ஆள் ஒருவர் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, அண்ணாந்து பார்த்தார். "மரமே இல்லியே, இன்னா நெழலு இது அக்கா?"

"இதுவா? ரெனிட்டா டீச்சர் நெழலு" என்றாள் பாஞ்சாலி.

கோமளம் சடாரென்று எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். நிழல் அவளோடு போயிற்று. இஸ்திரி வண்டிமேல், மடித்து வைத்த சட்டைகள்மேல், மதிலில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த நதீமின் முகத்தின்மேல் வெயில் அப்படியே வந்து விழுந்தது. பாஞ்சாலி இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மாமி, எங்க போற? குந்து."

கோமளம் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பாஞ்சாலி அடுத்த சட்டையை உதறி விரித்தாள்.