அவரைப் பந்தலுக்குப் பூண்டுத் தண்ணீர்

ஸரஸாவின் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. மேல்கோட்டையிலிருந்து வந்த வைஷ்ணவக் குடும்பம். நகரத்தின் விஜயநகர் லேஅவுட்டில் புதிதாக வீடு கட்டிக் குடியேறியபோதும் அந்த வழக்கம் மாறவில்லை.

பின்புறத்தில் அவள் போட்ட அவரைப் பந்தல் அந்தக் கார்த்திகையில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூத்த கையோடு பூச்சியும் வந்தது. கொழுந்து, காம்பு, மொட்டு என்று ஓரிடம் விடாமல் கறுப்பு அசுவினி அப்பிக் கிடந்தது.

அவள் கணவர் வேங்கடேசன் மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போய் ஒரு பாட்டில் பூச்சிமருந்து வாங்கி வந்தார்.

"அதைத் திறக்காதேங்கோ," என்றாள் ஸரஸா. போன வருஷம் ரோஜாவுக்கு மருந்தடித்துவிட்டு அவர் வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்ததை அவள் மறக்கவில்லை. "இது நாம சாப்பிடற காய். விஷம் அடிக்க விடமாட்டேன்."

"அப்போ பூச்சி தின்னுட்டுப் போகட்டும்கறயா?"

அவள் பாட்டிலை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். அந்த வாரமே ரேடியோவில் விவசாயிகளுக்கான கன்னட நிகழ்ச்சியில் பதில் கிடைத்தது. பூண்டும் மிளகாயும் ஊறிய தண்ணீருக்கு அசுவினி தாங்காதாம். பூண்டுத் தோலே போதுமாம்.

பக்கத்து வீட்டு லீலா கொள்ளேகால் பக்கத்துக்காரி. கணவனுக்கு ஹெப்பாளில் ஃபேக்டரி வேலை. ஸரஸா மதில் ஓரம் நின்று அவளைக் கூப்பிட்டாள்.

"லீலா, பூண்டு உரிச்ச தோலை என்ன பண்றே?"

"குப்பையில போடறேன், மாமி."

"இனிமே எனக்குக் குடு."

"மாமிக்குப் பூண்டா!" லீலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனாலும் தோல், சொத்தைப் பல், இஞ்சிச் சீவல், மிளகாய்க் காம்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தன் அடுப்பிலேயே கொதிக்க வைத்துக் கொடுத்தாள்.

ஸரஸா அதை வடிகட்டி, துளி சோப்புக் கரைத்து, உச்சிவெயிலில் பந்தல் முழுக்கத் தெளித்தாள். மறுநாள் கொழுந்துகள் கருகித் தொங்கின.

"ஆத்துல பூரா நாத்தம். கொடியும் போச்சு," என்றார் வேங்கடேசன்.

ஸரஸா கருகியதைக் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த பூண்டுக் கஷாயத்தில் நிறையத் தண்ணீர் விளாவினாள். இந்த முறை ஒரே ஒரு கிளையில், வெயில் தாழ்ந்த பிறகு, இலைகளைத் திருப்பி அடியில் தெளித்தாள். கிளை வாடவில்லை. பூச்சி உதிர்ந்திருந்தது. அதன்பின் தினமும் சாயங்காலம் பந்தலடியில்தான் நின்றாள். அசுவினி குறைந்தது, பிறகு தேடினாலும் கிடைக்கவில்லை. உதிராத பூவெல்லாம் பிஞ்சாயிற்று.

சங்கராந்திக்கு அவரை காய்த்துத் தள்ளியது. லீலாவும் ஸரஸாவும் முறம் முறமாகப் பறித்தும் பந்தல் காலியாகவில்லை. எதிர்வீட்டு முனிராஜின் கொடிகள் அந்த வருஷம் பூச்சியில் போயிருந்தன. அவர் தெருவில் நின்று, என்ன மருந்து அடித்தீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார்.

வேங்கடேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"பெள்ளுள்ளி!" என்றார், தெருவே கேட்கும்படி. "பூண்டு, சார், பூண்டு! எங்காத்துல பண்ணினது!"

உள்ளே ஸரஸா, மடி நிறைய அவரையோடு, வாய்விட்டுச் சிரித்தாள்.