ஏற்கெனவே திறந்த கல்லறை

அந்தக் குழியில் இறங்காதே என்று என் புருஷன் யோர்கோவான் மூன்று நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். ரோமானியர் காலத்துக் கல்லறைதான், ஆனால் களவாணிகள் என்றைக்கோ மேலே ஓட்டை போட்டு வழித்துக்கொண்டு போய்விட்டார்கள், உனக்கு இடுப்புவலிதான் மிச்சம் என்றான். என் இடுப்பின்மேல் இவ்வளவு கரிசனமா என்று பூரித்துப்போனேன். புத்தி கெட்டவள்.

மிலாவா ஆற்றங்கரை மக்காச்சோளக் கொல்லைகளில் எங்கே தோண்டினாலும் கல்லறைதான். எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் அதைத் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள். இப்போது அதே ஆட்கள் அகழாய்வில் சம்பளத்துக்குத் தோண்டுகிறார்கள். யோர்கோவானும் அப்படித்தான். திருட்டுத்தனமாகத் தோண்டிய காலத்தில் அவனுக்குக் கூட்டாளி என் தம்பி ட்ராய்லோ.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தம்பி காணாமல் போனான். வேலை தேடிப் போகிறானென்று வியன்னா பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன் என்றான் யோர்கோவான். ஒரு கடுதாசி இல்லை, போன் இல்லை. நன்றி கெட்ட நாய் என்று பண்டிகைக்குப் பண்டிகை திட்டித் தீர்த்தேன். உயிரோடு இருப்பவனுக்கு எதற்கு என்று, செத்தவர்களுக்குப் படைக்கும் நாளில் ஒரு தட்டுகூட அவனுக்கு வைத்ததில்லை. ஆனாலும் வாசலில் கார் நின்றால் எட்டிப் பார்ப்பேன்.

அகழாய்வுக்குப் பொறுப்பான டாக்டர் விஷ்னியா, அங்கே கூலிக்கு வேலை செய்யும் என்னைத்தான் குழியில் இறக்கினார். கொத்தனார் கரண்டியால் சரிந்த மண்ணை வழித்தேன். உடைந்த கண்ணாடிக் குப்பி ஒன்று, ஒரு மண்விளக்கு, குப்பை மாதிரி மூலையில் ஒதுக்கித் தள்ளின ரோமானியனின் எலும்புகள். விழுந்து கிடந்த செங்கற்களுக்கு அடியில் ஒரு ரப்பர் பூட்ஸ். உள்ளே கால் எலும்பு இருந்தது.

கை வைக்காதே என்று சொல்லிவிட்டு டாக்டர் போலீஸுக்குப் போன் போட ஓடினார். நான் கேட்பேனா? இரண்டு கையாலும் மண்ணை வாரினேன். மண்டையோட்டின் மேல்வரிசையில் தங்கப் பல். அதைக் கட்டின அன்று நாள் முழுக்க கண்ணாடி முன்னால் நின்று இளித்தவன் என் ட்ராய்லோ.

நெஞ்சின்மேல் விரல் எலும்புகள். அவற்றுக்கு நடுவே பாதி எரிந்த மெழுகுவத்தி.

எங்கள் ஆட்கள் யாரும் இருட்டில் சாகக் கூடாது. கையில் வெளிச்சம் இல்லாமல் போனால் அந்த உலகத்திலும் இருட்டுதான். அதனால் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மெழுகுவத்தியைக் கொளுத்திக் கையில் கொடுப்போம். உயிர் போன பிறகு கொடுத்துப் பிரயோஜனமில்லை. அப்படியென்றால் இவன் உயிரோடு இருந்தபோது பக்கத்தில் ஒருத்தன் இருந்திருக்கிறான்.

மேலே ஏறினேன். யோர்கோவான் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்றான். ஓடியிருந்தால்கூட தேவலை.

"எவ்வளவு நேரம் உசுரோட இருந்தான்?" என்று கேட்டேன்.

"செங்கல்லும் மண்ணும் சரிஞ்சு அவன் இடுப்புல விழுந்திருச்சு. ஆளக் கூப்புட்டா ரெண்டு பேருக்கும் ஜெயிலு."

"நேரத்தக் கேட்டேன்."

"தெரியல. நான் ஏறி வர்றப்ப பேசிக்கிட்டுத்தான் இருந்தான்." அப்புறம், ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் போலச் சொன்னான்: "வெளிச்சம் குடுத்துத்தான் அனுப்புனேன், ஃப்லோரிகா. இருட்டுல விடல."

"அவன் அத வாங்கிக்கிட்டானா?"

"மாட்டேன்னான். நான்தான் கையில திணிச்சேன். 'மெழுகுவத்தி வேணாம் மச்சான், மம்பட்டிய எடு'ன்னான்."

"எடுத்தியா?"

"எடுத்தேன்" என்றான் யோர்கோவான். "விடியப் போவுது, யாராச்சும் வந்துருவாங்கன்னு மேலயிருந்து மண்ணத் தள்ளி மூடிட்டேன்."