இருபத்தேழாம் நம்பர் மண்

பூமாரி எதனால் செத்தாள் என்று வேலுத்தாய்க்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஏழு வயசுப் பிள்ளை. ஆறு மாசம் இருமினாள். சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும், விடிந்தால் வேர்த்து நனைந்து கிடப்பாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் நல்லதம்பி ஒவ்வொரு தடவையும் சிவப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்து, "வெறும் சளிதான், பனியில விடாத" என்பார். பிள்ளை ரத்தம் துப்பிய துணியைக் கொண்டுபோய்க் காட்டியபோதும் அதே சிவப்புத் தண்ணீர்தான். கார்த்திகையில் போய்விட்டாள்.

மாமியார் மூக்கம்மாள் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். மாரியம்மன் பொங்கலுக்கு முதல் நாள் வேலுத்தாய் பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீரில் தலைக்கு ஊற்றினாளாம். "பெத்தவளே பிள்ளையத் தின்னுட்டா" என்று பத்து முறி வரிசையாக இருந்த கூலி லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். நாக்கா அது, கவாத்துக் கத்தி! அவர்கள் குடியிருந்த லயத்து முறி மூக்கம்மாள் பேரில் இருந்தது. செக்ரோலில், அதாவது நிரந்தரத் தொழிலாளர் பட்டியலில், பேர் உள்ளவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். மகன் மொக்கையன் பேரைப் போன வருஷ ஸ்டிரைக்கில் வெட்டிவிட்டார்கள், வேலுத்தாய் எப்போதுமே தற்காலிகம். மொக்கையன் பொண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கையால் சோறு வாங்குவதை மட்டும் நிறுத்திவிட்டான். அதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம் பாவி.

தண்ணீர்தானா? தன் கைதானா? கொழுந்து பறிக்கும்போதும் அவளுக்கு இதே நினைப்புதான்.

எழுபத்து நாலாம் வருஷம் மாசியில் பீர்மேட்டுப் பாதையில் ஜீப் ஏறி ஈஸ்வரமூர்த்தி வந்தார். சித்தூர்ப் பக்கம் பண்ணையம் உள்ள குடும்பம். காலேஜ் படித்துவிட்டு பம்பாய் மருந்துக் கம்பெனிக்கு மண் சேகரிக்கிற உத்தியோகம். சிரிக்காதீர்கள், அப்படி ஓர் உத்தியோகமும் உண்டு. மலை தெரிந்த ஆள் ஒன்று வேண்டுமென்றார். தற்காலிக ஆளென்றால் வேலைக் கணக்கு கெடாதென்று கங்காணி வேலுத்தாயைத் தள்ளிவிட்டார்.

நம்பர் போட்ட முப்பது பைகளையும் ஒரு கரண்டியையும் கொடுத்தார். "மேல்மண்ண வழிச்சுத் தள்ளிப்போட்டு நாலு விரக்கட ஆழத்துல எடுக்கோணும், அம்மணி. உரம் போட்டது, மருந்தடிச்சது ஆகாது. மோந்து பாத்தா புது மழை வாசம் அடிக்கோணும்."

"இத வச்சு என்ன சார் செய்வீக?"

"மண்ணுல கண்ணுக்குத் தெரியாத பூஞ்சையாட்ட உசுரு இருக்குது. அத பம்பாய்ல கண்ணாடித் தட்டுல வளத்து, எந்த நோய்க் கிருமியக் கொல்லுதுன்னு பாத்துச் சொல்லிப்போடுவாங்க. அதுல இருந்துதான் மருந்து."

வேலுத்தாய்க்கு இதில் பாதிதான் ஏறியது. மண்ணைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுவார்கள்! ரத்தத்தைப் பார்த்தே சொல்லாத நல்லதம்பி எங்கே, மண்ணைப் பார்த்துச் சொல்கிற பம்பாய் எங்கே! அத்தனை நாள் வேர்த்துக் கிடந்த உடம்பைப் புதைத்த மண் இருக்கிறதே, அந்த நோய் அதில் இறங்காமலா போயிருக்கும்?

மருந்தடிக்காத மண் என்றால் அந்த எஸ்டேட்டில் சுடுகாட்டு மேடும் ஓடைக்கரையும்தான். ஓடைக்கரையில் இருபத்தாறு பைகளை நிரப்பினாள். இருபத்தேழாவது பையோடு பூமாரிக்கு நட்ட கல்லின் முன்னால் உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்கிடாத தாயி. உனக்கு என்னன்னு கேக்கத்தான்."

நாலு விரற்கடை தோண்டி மோந்து பார்த்தாள். புது மழை வாசம் அடித்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

புரட்டாசியில் ஜீப் திரும்பி வந்தது. ஈஸ்வரமூர்த்தி இறங்குவதற்கு முன்பே கத்தினார். "இருபத்தேழாம் நம்பர் எங்க எடுத்தே அம்மணி? தட்டுல கிருமி ஒண்ணு மிஞ்சல! அதே எடத்துல ரண்டு மூட்ட வேணும்."

"என்ன நோயின்னு சொன்னாகளா சார்?"

"முழுசாப் பாத்துட்டுச் சொல்லுவாங்க. நானே வந்து சொல்றேன், போதுமா?"

அந்த ஒரு வார்த்தைக்காகக் கூட்டிப்போனாள். கல்லைப் பார்த்ததும் அவர் நின்றார். மகள் என்று சொன்னாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு ஜீப்பில் கூட வந்த மண்வெட்டிக்காரர்களைப் பார்த்தார். "பதனமாத் தோண்டுங்கப்பா" என்றார். பெரிய மனசு!

இரண்டாவது மூட்டை பாதி நிறைந்தபோது மஞ்சள் பாவாடைத் துண்டு மேலே வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொன்றும் வந்தது. ஈஸ்வரமூர்த்தி மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "அத உதறிப் போட்டுட்டு மண்ண மட்டும் அள்ளுங்க" என்றார். வேலுத்தாய் அதை மடியில் வாங்கிக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகு கையாலேயே மூடினாள். எவ்வளவு மூடியும் இரண்டு மூட்டைக் குழி குழியாகவே கிடந்தது.

"பொதச்சதையும் தோண்டி வித்துட்டா" என்றாள் மூக்கம்மாள். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. ஆவணியிலிருந்து அவளுக்கும் விடாத இருமல். டிஸ்பென்சரிக்குப் போக வீம்பு, சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிடந்தாள்.

தை மாசம் ஈஸ்வரமூர்த்தி புதுப் பைகளோடு வந்தபோது வேலுத்தாய் கொழுந்துக் கூடையோடு ஓடினாள். "அந்த மண்ணுல என்னன்னு சொன்னாக சார்?"

"அட, அதையா இன்னும் நெனச்சுட்டு இருக்கே? புதுசு ஒண்ணுமில்ல அம்மணி. ஸ்ட்ரெப்டோமைசின். இருவத்தஞ்சு வருசமாக் கடையில கெடைக்கிற காசநோய் ஊசி. உங்க டிஸ்பென்சரியிலயே இருக்கும். கையில வெண்ணெய வெச்சுட்டு நெய்க்கு அலஞ்ச கதையாப் போச்சு எங்க பாடு."

"காசநோயின்னா எப்பிடி சார் இருக்கும்?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பொழுதானா காய்ச்சல், ராத்திரி வேர்வ, ஒடம்பு இளைக்கும், முத்துனா இருமல்ல ரத்தம்."

"ஊசி போட்டாப் பொழைக்குமா?"

"தொண்ணூறு ஊசி, கூட மாத்திர. முக்காவாசிப் பேரு பொழச்சுக்குவாங்க."

"அந்த மண்ணத் திருப்பித் தருவீகளா சார்?"

"அதெல்லாம் அப்பவே சாக்கடையில கொட்டியிருப்பாங்க."

வேலுத்தாய் கூடையைப் போட்டுவிட்டு நேரே டிஸ்பென்சரிக்குப் போனாள். கண்ணாடி அலமாரியில் சின்னச் சின்னப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனை நாள் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள்!

"காசநோய் ஊசி இதுதானா?"

நல்லதம்பி நிமிர்ந்தார். "அது செக்ரோல்ல பேரு உள்ளவங்களுக்கு மட்டுந்தான், வீட்டாளுகளுக்குக் கெடையாது. மேல உத்தரவு."

"எம்புள்ளைக்குக் காசம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொத மாசமே தெரியும்."

"பெறகு ஏன் சளின்னீக?"

அவர் கோபப்படக்கூட இல்லை. இது தெரியாதா என்பதுபோல் பார்த்தார். "காசம்னு சொன்னா நீ ஊசி கேப்பியே."

லயத்துக்கு எப்படி நடந்து வந்தாளோ அவளுக்கே தெரியாது. தண்ணீர் இல்லை. தன் கை இல்லை. அதைச் சொல்ல வாய் துடித்தது. வாசலில் மூக்கம்மாள் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் காய்ச்சல் மினுமினுப்பு. துணியில் துப்பி அவசரமாக மடித்தாள், ஆனாலும் சிவப்பு தெரிந்துவிட்டது.

இருபத்தெட்டு வருஷமாகச் செக்ரோலில் பேர் உள்ளவள். போய்க் கேட்டால் ஊசி உண்டு.

"டிஸ்பென்சரிக்கா போயிட்டு வார?" என்றாள் மூக்கம்மாள். குரலில் பழைய கத்தி இல்லை. "கம்பவுண்டர்ட்ட என் இருமலையும் கேட்டியா? இது என்னன்னு சொன்னாரு?"

வேலுத்தாய் அடுப்படியில் இருந்த சுக்குத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள்.

"வெறும் சளிதானாம் அத்தே" என்றாள். "பனியில மட்டும் போவாதீக."